இலையை மட்டும் விட்டவன்

றொபின்சன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். எஞ்சின் பார்க்கிறவனுக்கு அந்தக் குணம் வேண்டும். பிளக்கை மாற்றச் சொன்னால் பிளக்கைத்தான் மாற்றுவான். பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்கிற குழாயைக் கழற்றிப் பார்த்து வம்பை விலைக்கு வாங்கமாட்டான். அதனால் பல் டொக்டர் நஸ்லியா, "வெத்திலைய விட்டுடுங்க றொபின்சன்" என்று சொன்ன அன்றே அவன் வெற்றிலையை விட்டான்.

இலையை விட்டான். பாக்கை விடவில்லை, சுண்ணாம்பை விடவில்லை, புகையிலையையும் விடவில்லை. அவற்றைப் பற்றி அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே.

கற்பிட்டிக் கரையில் 'வெத்திலை' என்றால் நாலும் சேர்ந்த ஒரு வாய் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, களப்போரக் கடற்படை முகாமிலேயே வேலையும் பார்க்கிற றொபின்சனுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனால் பிடித்தமான ஒன்றை விடச் சொல்லும்போது மனிதனுடைய மனம் சட்டத்தரணி வேலை பார்க்கத் தொடங்கிவிடுகிறது. சொன்ன சொல் என்ன, அதற்குள் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தெண்ணிப் படிக்கிறது. றொபின்சனின் மனம் அந்த வழக்கை ஒரே நாளில் வென்றுவிட்டது. படகில் இலை எப்படியும் காற்றில் காய்ந்து சுருண்டுதான் போகும். அது போனதில் அவனுக்குப் பெரிய நட்டமும் இல்லை.

படகில் வெற்றிலை போடுவதற்குக் காரணம் உண்டு. ரோந்துப் படகில் சிகரட் பற்றவைக்க முடியாது. காலடியில் பெற்றோல் டாங்கி இருக்கிறது, கை எப்போதும் ஈரம், காற்று நெருப்புக்குச்சியை விடாது. வாயில் அடக்கிய வெற்றிலைக்கு நெருப்பும் வேண்டாம், கையும் வேண்டாம். கண்ணையும் சோர விடாது. அதனால் படகுக்காரனுக்கு வெற்றிலைதான் சிகரட். காற்று வருகிற பக்கம் பார்த்துத் துப்பக் கூடாது என்பது அங்கே புதிதாக வருகிறவன் படிக்கிற முதற் பாடம்.

றொபின்சனின் படகில் மூன்று பேர். சுக்கான் பிடிப்பவர் பெட்டி ஒபிசர் குலதுங்க. சிலாபத்துக்காரர், சிங்களமும் தமிழும் ஒரே வசனத்துக்குள் கலந்து வரும். முன்னால் நின்று கடலைப் பார்ப்பவன் டிலக்‌ஷன். பின்னால் எஞ்சினோடு றொபின்சன். மூன்று பேருக்கும் வெற்றிலை கட்டுகிறவனும் றொபின்சன்தான். சுண்ணாம்பை விரல் நுனியால் அளப்பதில் அவனுக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. குலதுங்க திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு கை சுக்கானில் இருக்க, மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் விரித்து நீட்டுவார். அந்த உள்ளங்கையில் ஒரு வாய் வெற்றிலை வந்து விழும். பேச்சே தேவைப்படாத ஏற்பாடு.

முகாமில் எல்லோருடைய வாயையும் பரிசோதிக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானபோது, அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து புதன்கிழமைகளில் நஸ்லியா வரத் தொடங்கினார். பக்கத்துக் கனமூலை ஊர்க்காரி. றொபின்சனைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். முதல் நாளே அவனுடைய இடது கன்னத்தின் உட்புறத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டார். வலிக்காத திட்டு. வலிக்காததுதான் பயம் என்றார்.

"ஒண்டரை மாசம் பாப்பம். விட்டா இது தானாக் கரையும். கரையாட்டி ஒரு சின்னத் துண்டு வெட்டி கொழும்புக்கு அனுப்பணும். பதில் வாற வரைக்கும் உங்கள போட்ல ஏத்த ஏலாது. ஸ்டோர்லதான் வேல."

புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கொழும்பு என்ற சொல்லிலேயே அது இருந்தது. ஆனால் றொபின்சனைப் பிடித்துக்கொண்டது ஸ்டோர் என்ற சொல்தான். கயிற்றுச் சுருளுக்கும் பெயின்ட் டின்னுக்கும் நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, தன் எஞ்சினை வேறொருவன் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்பது. அதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகவே இரண்டு புதன் கழித்து, கடமையைச் செய்தவனின் நிம்மதியோடு அவன் போய் அந்தச் சாய்வுக் கதிரையில் உட்கார்ந்தான்.

"எப்பிடி, விட்டுட்டீங்களா?"

"அண்டைக்கே விட்டுட்டன் மிஸ்."

"நல்லம். வாயத் திறங்க."

நஸ்லியா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார். திட்டு அப்படியே இருந்தது. அதைச் சுற்றிப் புதிதாக, வெந்துபோன மாதிரிச் சிவப்பு.

"றொபின்சன், பொய் சொல்லல்லியே?"

"மாதா மேல ஆணை மிஸ்."

"இண்டைக்குக் காலையில வாயில என்ன போட்டீங்க?"

"பாணும் பருப்பும்."

"அதுக்குப் பொறகு?"

"கொஞ்சம் பாக்கு, பொயிலை. ஒரு துளி சுண்ணாம்பு."

நஸ்லியா கண்ணாடியை வெளியே எடுத்தார். "வெத்திலை?"

"அதத்தான் விட்டுட்டனே."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். முகத்தில் கோபம் ஏறி, பாதி வழியில் சிரிப்பாக மாறியது.

"மொத நாள் புகையிலை பாவிக்கிறீங்களா எண்டு கேட்டன். இல்லண்டு சொன்னீங்க."

"புகை எண்டு காதுல விழுந்திச்சு மிஸ். நான் சிகரட்டைத் தொட்டதே இல்ல. இது பொயிலை."

"ஓம், அது என்ட பிழை. வெத்திலைய விடுங்க எண்டதும் என்ட பிழை. பாதிப் பிழை. மிச்சப் பாதி உங்கட. உங்களுக்கு வெளங்கித்தான் இருந்திச்சு, இல்லியா?"

றொபின்சன் கூரையைப் பார்த்தான். "கொஞ்சம் வெளங்கின மாதிரி இருந்திச்சு" என்றான்.

"இந்தக் கூட்டத்துல ஒரு குத்தமும் செய்யாத ஒராள் இருந்தா அது அந்த இலைதான். அதப் புடிச்சு வெளியால தள்ளிட்டு, களவெடுத்த மூணு பேரையும் வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க. உங்கட டின்னக் கொண்டாங்க."

பிஸ்கட் டின் வந்தது. நஸ்லியா அதிலிருந்ததை எல்லாம் பல் ஆயுதங்கள் வைக்கிற இரும்புத் தட்டில் வேறு வேறாக எடுத்து வைத்தார். கழற்றிய எஞ்சினைச் சாக்கில் பரப்பி வைத்தது போல இருந்ததைப் பார்த்ததும் றொபின்சன் தன்னை மறந்து முன்னால் சாய்ந்தான். கழற்றிப் போட்ட எதையும் அவனால் பார்க்காமல் இருக்க முடியாது.

"இது பொயிலை. இதுக்குள்ள இருக்கிற சாமான்தான் உங்கள முழிப்பா வச்சிருக்கிறது, திரும்பத் திரும்பக் கேக்க வைக்கிறது. ஆனா இத மட்டும் வாயில வச்சா பாதி உள்ளுக்குப் போகாது. கன்னத்துத் தோல் விடாது. சுண்ணாம்பு பட்டாத்தான் அது தோலுக்குள்ளால நழுவிப் போற மாதிரி மாறுது. கதவு பூட்டியிருக்கு, சுண்ணாம்பு திறப்பு."

றொபின்சன் சுண்ணாம்பைப் பார்த்தான், புகையிலையைப் பார்த்தான்.

"அப்ப இது காபரேட்டர்" என்றான்.

"அது என்ன?"

"பெற்றோல் அப்பிடியே ஊத்தினா எஞ்சின் எரிக்காது மிஸ். நனைஞ்சு நிண்டிடும். காபரேட்டர்தான் அத காத்தோட சேத்துப் பனிப்புகார் மாதிரி ஆக்கிக் குடுக்கிறது. அப்பதான் எரியும். பொயிலை பெற்றோல், சுண்ணாம்பு காபரேட்டர்."

நஸ்லியாவுக்கு அது பிடித்துப்போனது. அடுத்த ஆளுக்கும் அப்படியே சொல்லலாம் என்றார். "ஆனா உங்கட காபரேட்டர் இப்ப உங்கட கன்னத்தையே சுட்டுப் போட்டிருக்கு. முந்தி இலை இடையில நிண்டு கொஞ்சம் காப்பாத்திச்சு. இப்ப அதுவும் இல்ல."

"பாக்கு என்ன செய்யும்?"

"மூணு வெரல நேரா அடுக்கி வாய்க்குள்ள வைங்க."

அவன் வைத்தான். மூன்றாவது விரல் இறுக்கமாகத்தான் போனது.

"பாக்கு கன்னத்த உள்ளுக்கால நார் மாதிரி இறுக்கும். இப்பிடியே போனா ரெண்டு வெரல், பொறகு ஒண்டு. சோறு அள்ளி வைக்க வாய் திறக்காது. அதுவும் கேன்சருக்கு வழிதான், பொயிலை இல்லாட்டியும்." இந்த முறை அந்தச் சொல்லை அவர் சொல்லிவிட்டார். "மூணையும் ஒண்டா விடணும். இலைய வச்சிக்கங்க. கிராம்போ சுக்கு வேர்க்கொம்போ பெருஞ்சீரகமோ உள்ளுக்கு வச்சுச் சுருட்டிச் சப்புங்க. வாய்க்கும் ஒரு வேல வேணும்."

பிறகு ஆசை வருகிற விதத்தைச் சொன்னார். முதல் சில நாட்கள் தலையிடி வரும், எரிந்து விழுவீர்கள், நித்திரை கெடும். ஆசை ஏறும், ஏறி நிற்கும், பிறகு தானாக இறங்கும். இறங்காமலே நின்ற ஆசை என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை. ஏறுகிற நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் போதும், ஆசையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

"ஒரு மாசம் இருக்கு" என்றார். "ஸ்டோரா கடலா எண்டு உங்கட கன்னம்தான் சொல்லப் போகுது. நான் இல்ல."

றொபின்சன் கைக்குத் தேடிக்கொண்ட வேலை, தண்ணீர் இறைப்பது. எந்தப் படகானாலும் அடித்தளத்தில் கொஞ்சம் தண்ணீர் சேரும். அலை தெறித்தது, மழை பெய்தது, எங்கிருந்தோ கசிந்தது. அதை இறைக்க ஒரு கைப்பம்பு இருக்கிறது. ஆசை ஏறத் தொடங்கியதும் றொபின்சன் குந்தி உட்கார்ந்து பம்பை அடிப்பான். தண்ணீர் முடிந்து பம்பு காற்றை உறிஞ்சிக் கொர்ரென்று சத்தம் போடுகிற நேரத்துக்கு ஆசையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. டொக்டர் சொன்னது உண்மையிலேயே ஒரு இயந்திரம் மாதிரி நடந்தது. சில நாட்கள் தண்ணீர் முடிந்தும் ஆசை முடியாது. அப்போது ஒரு வாளி கடல் தண்ணீரை அள்ளி உள்ளே ஊற்றி, மறுபடி இறைப்பான்.

"டிலக்‌ஷன், பாய் இருந்தாக் கொண்டா" என்றார் குலதுங்க. "இவன் படகக் காயப் போட்டு வச்சிருக்கிறான். அடியில விரிச்சுப் படுக்கலாம்."

"தண்ணிய ஊத்தி இறைக்கிறார் சேர். நான் கண்ணால கண்டன்."

"மனிசி அடிச்சிட்டாளோ தெரியல்ல."

மனைவி டெனிஷா அடிக்கவில்லை. ஆனால் முதல் கிழமை லீவில் வீட்டுக்குப் போனபோது, மீன் குழம்பில் உப்பு இல்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, பக்கத்து வீட்டு நாய் பார்க்கிற பார்வை சரியில்லை என்று அவன் அடுக்கிக்கொண்டு போனதைக் கேட்டு, "நீங்க கடலுக்கே போங்க, குணமானாப் பொறகு வாங்க" என்று பையைக் கையில் கொடுத்துவிட்டாள். அன்று இரவு போனில் மன்னிப்பும் கேட்டாள். ஃபேன் சத்தம் போடுவது உண்மைதானாம்.

பெரிய சங்கடம் ஆசையில் இல்லை. அது குலதுங்கவின் கையில் இருந்தது. றொபின்சன் விட்ட முதல் நாள், வழக்கம்போல அந்தக் கை பின்னால் நீண்டு, விரிந்து, காத்துக்கொண்டு நின்றது. வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருக்க றொபின்சனால் முடியவில்லை. அவன் வேர்க்கொம்பும் கிராம்பும் வைத்துச் சுருட்டிய ஒரு இலையை அதில் வைத்தான். குலதுங்க வாயில் போட்டார். இரண்டு தரம் மென்றார். காற்றுப் பார்க்காமலே துப்பினார், அது அவர் சட்டைக்கே திரும்பி வந்தது.

"இது என்ன, புரியாணிக்குப் போடுறதா?"

"டொக்டர் சொன்னது சேர்."

"டொக்டர் எனக்குச் சொல்லல்ல." வாய் பரிசோதனைக்கு அவருடைய முறை வந்த நாளன்று அவர் கொழும்பில் பயிற்சிக்குப் போயிருந்தார். அது தனக்கு நல்ல காலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவரே தனக்குக் கட்டினார். சுண்ணாம்பு அளவு தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டார். ஆனாலும் நல்ல மனிதர். தனக்கு ஒன்று கட்டினால் றொபின்சனுக்கும் ஒன்று கட்டி நீட்டுவார். வேண்டாம் என்றால் முகம் விழுந்துவிடும். வருஷக்கணக்காக அவனிடம் வாங்கித் தின்ற கணக்கை இப்போதுதான் தீர்க்கப் போகிறவர் போல நீட்டுவார். ஒரு பின்னேரம் றொபின்சன் அதை வாங்கியே விட்டான். உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனான். புகையிலையின் மணம் மூக்கில் ஏறியதும் வாயெல்லாம் ஊறியது. ஸ்டோர் ஜன்னல் கண்முன்னால் வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பம்பை அடித்தான். துணி துவைக்கும்போது சட்டைப் பை சிவந்து கிடந்தது.

மூன்றாவது கிழமை, உச்சமுனைப் பக்கமாக ஒரு பின்னேர ரோந்து. ஒரு மீன்பிடிப் படகு எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. மரியநாயகம் என்கிற ஐம்பது வயதுக்காரர் துடுப்பால் சமாளித்துக்கொண்டிருந்தார். கடற்படைப் படகைக் கண்டதும் அவருக்கு நிம்மதியைவிடக் கூச்சம்தான் முதலில் வந்தது. சீருடைக்காரர்கள் கிட்ட வந்தால் மீனவனுக்கு, நான் என்ன பிழை செய்தேன் என்றுதான் முதலில் யோசனை போகும்.

றொபின்சன் அந்தப் படகுக்குத் தாவினான். எஞ்சின் மூடியில் கை வைக்க முடியாத சூடு. எஞ்சின் தன்னைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரையே குடிக்கிறது. அடியில் உள்ள சல்லடை வழியாக உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம் வழியாகப் பீய்ச்சித் துப்புகிறது. அந்தப் பீய்ச்சல் நின்றால் ஆபத்து. றொபின்சன் குனிந்து கையை விட்டுத் துழாவினான். சல்லடையில் ஒரு சிலுசிலுப் பொலித்தீன் பை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்தெடுத்தான். இனி எஞ்சின் ஆறும்வரை சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதுதான் கஷ்டம். இப்படியான நேரத்துக்கென்றே வெற்றிலை கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே பம்பும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை.

எஞ்சின் ஆறியது. கயிற்றை இழுத்தான், பிடித்துக்கொண்டது. பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீய்ச்சியது. மரியநாயகத்தின் முகம் மலர்ந்தது. உடனே அவர் இடுப்பிலிருந்து ஒரு துணிப்பையை அவிழ்த்து, அப்படியே விரித்து இரண்டு கையாலும் நீட்டினார். தளிர் வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்புக் குப்பி, கறுத்த யாழ்ப்பாணப் புகையிலை.

"வெத்திலை போடுங்க தம்பி."

கடலில் உதவி செய்தவனுக்கு நீட்டுகிற வெற்றிலையைத் தட்டக் கூடாது. சீருடைக்காரன் தட்டினால் அதற்கு வேறு அர்த்தம். உன் கையால் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். மற்றப் படகில் குலதுங்கவும் டிலக்‌ஷனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குலதுங்க சுக்கானை விட்டுவிட்டே பார்த்தார்.

றொபின்சன் குனிந்து ஒரு இலையை எடுத்தான். காம்பைக் கிள்ளினான். கட்டைவிரலால் இருபுறமும் துடைத்து, மடித்து, வாயில் வைத்தான்.

"வெத்திலை போட்டுட்டன் அண்ணே" என்றான்.

மரியநாயகம் பையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "பாக்கு? பொயிலை?"

"வெத்திலை போதும்."

கொஞ்சம் யோசித்தார். வெற்றிலை போடச் சொன்னார், போட்டான். சொல்லில் குறை பிடிக்க இடமில்லை. "நேவில இப்ப சைவ வெத்திலையா?" என்று கேட்டார். டிலக்‌ஷன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. மரியநாயகமும் சிரித்து, இரண்டு பெரிய நண்டுகளைத் தூக்கி அவர்களுடைய படகில் போட்டார். குலதுங்க வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் எஞ்சினை முடுக்கிப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் குலதுங்க சுட்ட நாக்கைப் பல்லில் தடவிக்கொண்டே சுக்கான் பிடித்தார். முகாமின் மின்கோபுரம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் அவருடைய கை மெல்லப் பின்னால் வந்தது.

"ஹரி, சரி. அந்த சைவத்தத் தா."

இந்தத் தரம் அவர் துப்பவில்லை. கிராம்பைக் குறைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அவர் ஒரேயடியாக விட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய். கரையில் போட்டார், படகில் போடவில்லை. டிலக்‌ஷன் அவனாகவே நிறுத்தினான். புகையிலை வாங்குகிற முறை அவனுடையதாக வந்தபோது மறந்துவிட்டேன் என்றான், அதற்குப் பிறகும் மறந்துகொண்டே இருந்தான்.

ஒன்றரை மாதம் முடிந்த புதன் வந்தது. றொபின்சன் காலையில் மூன்று தரம் பல் துலக்கினான். கண்ணாடியில் கன்னத்தை இழுத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தும் பார்க்கவில்லை. போகிற வழியில் ஸ்டோர் திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்க்காமல் நடந்தான்.

"வாயத் திறங்க. நாக்க அங்கால தள்ளுங்க."

நஸ்லியா விளக்கை இழுத்தார். கன்னத்தை விரலால் விரித்தார். பஞ்சால் துடைத்துப் பார்த்தார். சின்ன அளவுகோலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இவ்வளவு நேரம் ஏன் பார்க்கிறார் என்று றொபின்சன் அவருடைய கண்ணைப் பார்த்தான். முகமூடிக்கு மேலே கண் ஒன்றும் சொல்லவில்லை.

"மூணு வெரல்."

வைத்தான். போன தரத்தைவிடக் கொஞ்சம் சுலபமாகப் போனது.

"சிவப்பு எல்லாம் ஆறிட்டு" என்றார். "திட்டு போயிட்டுது எண்டு சொல்லமாட்டன். உளுந்தளவுக்கு ஒரு நிழல் இருக்கு. ஆனா கரையிற வழியிலதான் இருக்கு." முகமூடியைக் கீழே இழுத்தார், அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "இப்ப வெட்டத் தேவல்ல. மூணு மாசத்துல திரும்ப வாங்க. நீங்க திரும்பத் தொடங்கினா இதுவும் திரும்பத் தொடங்கும். அது மட்டும் நெனவுல இருக்கட்டும்."

"அப்ப இண்டைக்குப் பின்னேரம் போட்ல போகலாமா மிஸ்?"

"போங்க. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

வெளியே மர வாங்கில் குலதுங்க உட்கார்ந்திருந்தார். தலை வாரி, முகம் கழுவி, பெண் பார்க்கப் போகிறவர் போல இருந்தார். உதட்டோரச் சிவப்பு மட்டும் போகவில்லை.

"என்ன சொன்னா?"

"கடல் சேர்."

"ஹொந்தை, நல்லம்." அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டார். "வலிக்குமா?"

"வாயத் திறக்கிறதுதான் சேர். கேக்கிறதுக்கு உண்மையச் சொல்லுங்க."

"அதுதான் வலிக்கும்" என்றபடி அவர் உள்ளே போனார்.

றொபின்சன் டெனிஷாவுக்கு அழைத்தான்.

"கடலா, தரையா?" என்று கேட்டாள்.

"கடல்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப ராவைக்கு உங்களுக்குச் சோறு வைக்கல்ல" என்றாள்.

இறங்குதுறையில் வெயில் தணிந்திருந்தது. டிலக்‌ஷன் டாங்கிக்குப் பெற்றோல் ஊற்றி முடித்திருந்தான். றொபின்சன் எஞ்சினை இழுத்து எழுப்பி, அது சூடாகும்வரை ஓடவிட்டு, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குலதுங்க இன்னும் வரவில்லை. டொக்டருக்கு அவரிடம் கேட்க நிறைய இருந்தது போல.